புது கேபிள் போட்டும் ஆக்ஸிலரேட்டர் டைட்டா இருக்கா? மெக்கானிக்கைத் திட்டுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

ஆக்ஸிலரேட்டர் கேபிள் பிரிஞ்சு போச்சு, புதுசும் மாத்தியாச்சு. ஆனா, வழுக்கிக்கிட்டுப் போகவேண்டிய த்ராட்டில், ஆட்டுக்கல்லைச் சுத்துற மாதிரி கையை வலிக்க வைக்குது. 'டூப்ளிகேட் கேபிளைத் தலையில கட்டிட்டாங்க' என்றுதான் உடனே தோன்றும். சில நேரம் அதுவும் உண்மையாக இருக்கலாம். ஆனால், பெரும்பாலும் கோளாறு கேபிளில் இல்லை, அது போகிற வழியில்தான் இருக்கும்.

இதை வெறும் கைவலி என்று விட்டுவிடாதீங்க. முறுக்கும்போது அடம்பிடிக்கிற த்ராட்டில், விட்டதும் திரும்பி வரவும் அடம்பிடிக்கும். சிக்னலில் கையை எடுத்த பிறகும் இன்ஜின் கத்திக்கொண்டே இருந்தால்? அப்படி மாட்டிக்கொண்டால் உடனே கிளட்ச்சைப் பிடித்து, கில் ஸ்விட்சை அழுத்துங்க. மற்றதை ஓரமாக நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு த்ராட்டிலை முழுசாக முறுக்கி விடுங்க. 'டப்'பென்று தானாகத் திரும்பி வரணும். இதையே ஹேண்டில்பாரை இடது பக்கம் முழுக்கத் திருப்பி ஒருமுறை, வலது பக்கம் திருப்பி ஒருமுறை செய்யுங்க. ஒரு பக்கம் மட்டும் இறுகினால், ரூட்டிங்தான் குற்றவாளி. அடுத்து, திறந்தவெளியில் நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் திருப்புங்க. இன்ஜின் சத்தம் கூடவே கூடாது. கூடினால், யூ டர்ன் போடும்போது பைக் உங்களைக் கேட்காமலே பாயும். உயரமான ஹேண்டில்பார் மாற்றிவிட்டு பழைய நீளத்திலேயே கேபிள் போட்டவர்களுக்கு இது நடக்க வாய்ப்பு அதிகம்.

வளைவு ஏன் இவ்வளவு முக்கியம்? படகுக் கயிற்றைக் கம்பத்தில் இரண்டு சுற்று சுற்றினால், ஒரே ஆள் பிடித்து நிறுத்திவிடலாம் இல்லையா? அதே உராய்வுதான் கேபிளின் வெளி உறைக்கும் உள்ளே ஓடும் கம்பிக்கும் இடையில் நடக்கிறது. வளைவுகள் சேரச்சேர, இழுக்கத் தேவைப்படும் பலம் மளமளவென்று ஏறும். அதனால் டேங்க்கைக் கழற்றிப் பாருங்க. டேங்க்குக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் கேபிள் நசுங்கியிருக்கலாம். ஹெட்லைட்டுக்குப் பின்னால் சட்டென்று மடங்கியிருக்கலாம். யாரோ அழகுக்காக டேக் போட்டு இறுக்கிக் கட்டியிருக்கலாம்!

வழி சரியாக இருந்தும் டைட்டா? கார்புரேட்டர் அல்லது த்ராட்டில் பாடி பக்கத்தில் கேபிளைக் கழற்றிவிட்டு, மூன்றையும் தனித்தனியாகச் சோதிக்கணும். கிரிப்பை முறுக்குங்க, கேபிள் கம்பியை முன்னும் பின்னும் இழுங்க, கார்புரேட்டரை விரலால் இயக்குங்க. எது இறுகுதோ, அதில்தான் வேலை.

கிரிப் இறுகினால், அது ஸ்விட்ச் பாக்ஸ் மேல் உரசுகிறதா, பார் எண்ட் வெயிட்டில் இடிக்கிறதா என்று பாருங்க. உள்ளே பழைய கிரீஸ் மெழுகு மாதிரி உறைந்திருந்தாலும் துடைத்து எடுக்கணும். கார்புரேட்டரில் கேபிள் நேரடியாக ஸ்லைடை இழுக்கும் மாடல் என்றால், ஸ்லைடின் பள்ளம் அதற்கான பின்னில் சரியாக உட்கார்ந்திருக்கணும். அழுத்தித் திணித்தால் சிக்கிக்கொள்ளும்.

சில பைக்குகளில் இரண்டு கேபிள் இருக்கும். ஒன்று திறக்க, இன்னொன்று மூட. இரண்டும் இடம் மாறியிருந்தாலோ, அட்ஜஸ்டரில் ஓவராக இறுக்கியிருந்தாலோ த்ராட்டில் கனக்கும். முறுக்க ஆரம்பிக்கும்போது சில மில்லிமீட்டராவது சும்மா ஓடும் 'ஃப்ரீ ப்ளே' வேண்டும். உங்கள் பைக்குக்கு எத்தனை என்று மேனுவலில் போட்டிருக்கும்.

ஒரு விஷயம், டைட்டாக இருக்குதேன்னு கேபிளுக்குள் கெட்டி கிரீஸை அடைக்காதீங்க. பல கேபிள்களில் உள்ளே வழுவழுப்பான லைனிங் இருக்கும். கிரீஸ் தூசியைப் பிடித்துவைத்து, நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

அடுத்த முறை கேபிள் மாற்றும்போது, பழசைக் கழற்றுவதற்கு முன் அது போகிற வழியை மொபைலில் நாலு போட்டோ எடுத்துவைங்க. பழைய கேபிளின் முனையில் ஒரு நூலைக் கட்டி உருவினால், புதுசும் அதே வழியில் வந்துடும்.