உங்களுக்குத் தெரியுமா? சுட்ட தோட்டாவுக்கு மறுவாழ்வு தரும் ‘டை’

தோட்டாவைச் சுட்டதும் போவது குண்டுதான். மருந்து எரிந்துவிடுகிறது, அதைப் பற்றவைக்கும் பிரைமர் செத்துவிடுகிறது. பித்தளைக் கூடு மட்டும் கையில் மிஞ்சுகிறது. அந்தக் கூட்டை மறுபடி பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புது பிரைமரும் மருந்தும் குண்டும் வைத்து மீண்டும் போட்டியில் சுடுவது அமெரிக்காவில் குறிசுடும் விளையாட்டுக்காரர்களிடம் பல தலைமுறையாக இருக்கும் பழக்கம். அளவுக்குக் கொண்டுவரும் வேலையைச் செய்வது ‘டை’ என்கிற எஃகு அச்சு. உள்ளங்கைக்குள் அடங்கும் சாமான்தான். ஆனால் 1,000 கஜம் தள்ளி இருக்கும் இலக்கில் குண்டு எங்கே போய் உட்காரும் என்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

● பித்தளைக் கூட்டுக்கும் மனிதனைப் போலவே கழுத்து, தோள், உடல் உண்டு. குண்டைப் பிடித்திருப்பது கழுத்து. கழுத்திலிருந்து உடலுக்குச் சரிந்து இறங்குவது தோள். 1952-இல் வெளிவந்த .308 வின்செஸ்டர் தோட்டாவின் தோள் 20 டிகிரி சரிவு. 2007-இல் ஹார்னடி நிறுவனம் கொண்டுவந்த 6.5 கிரீட்மூருக்கு 30 டிகிரி. ஒன்றுக்கு வாங்கிய டை இன்னொன்றுக்கு உதவாது.

● கிரீட்மூர் என்பது நியூயார்க்கின் லாங் ஐலண்டில் இருந்த ஒரு துப்பாக்கிச் சுடுதளம். திறந்தது 1873-இல். அடுத்த ஆண்டே அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் அங்கே தொலைதூரப் போட்டியில் மோதின. அந்த மண்ணின் பெயரைத்தான் இன்றைய தோட்டா தாங்கி நிற்கிறது.

● கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 30, 35 பிஎஸ்ஐ. .308 தோட்டா வெடிக்கும்போது கூட்டுக்குள் எழும் அழுத்தத்துக்கு, 1926-இல் தொடங்கிய அமெரிக்கத் தரநிர்ணய அமைப்பான எஸ்ஏஏஎம்ஐ வைத்திருக்கும் உச்ச வரம்பு 62,000 பிஎஸ்ஐ. அந்த அழுத்தத்தில் பித்தளை மாவுபோல விரிந்து, துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையான சேம்பரின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. அழுத்தம் இறங்கியதும் முடி அளவு சுருங்கி விடுபடுகிறது. ஆகவே சுட்டு எடுத்த கூடு என்பது உங்கள் சேம்பரின் வார்ப்பு. டை வாங்கப் போகிறவர் கையில் இருக்கவேண்டிய முதல் ஆவணம் இதுதான். விலைப்பட்டியல் அதற்குப் பிறகு.

● ஆர்சிபிஎஸ் என்ற பெயர் மறுநிரப்பல் செய்கிற எல்லோருக்கும் தெரியும். அந்த நான்கெழுத்தின் விரிவு ‘ராக் சக் புல்லட் ஸ்வேஜ்’. ராக் சக் என்பது மேற்கு அமெரிக்க மலைப்பாறைகளில் வாழும் பெரிய அணில் வகை. அதை வேட்டையாடச் சின்ன குண்டுகள் தேவைப்பட்டன, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் குண்டு கிடைக்கவில்லை. கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊரில் 1943-இல் ஃபிரெட் ஹண்டிங்டன் குண்டு பிதுக்கும் டைகளைத் தானே செய்யத் தொடங்கினார். தட்டுப்பாட்டில் பிறந்த தொழில் இது.

● கூட்டை டைக்குள் அழுத்தும் கருவிக்குப் பிரஸ் என்று பெயர். எந்த நிறுவனத்தின் டையும் பெரும்பாலும் எந்த நிறுவனத்தின் பிரஸ்ஸிலும் பொருந்தும். வெளி மரை 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 சுற்று என்பது பொது அளவாகிவிட்டது. இந்த எண்ணை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். டையை ஒரு முழுச் சுற்றுத் திருகினால் அது சுமார் 0.071 அங்குலம் இறங்கும். அப்படியானால் ஆயிரத்தில் ஒரு அங்குலம் (0.001 அங்குலம்) இறங்க 5 டிகிரி திருகினால் போதும். கடிகாரத்தின் நிமிட முள் ஒரு நிமிடத்தில் நகர்வதே 6 டிகிரி! டை பிடிக்கும் கை எவ்வளவு பொறுமையாக இருக்கவேண்டும் என்பது இந்தக் கணக்கில் விளங்கும். பூட்டு நட்டை இறுக்கும்போது டையும் கூடவே துளி சுற்றிவிடும். இறுக்கிய பிறகு இன்னொரு தடவை அளக்காமல் வேலையைத் தொடரக்கூடாது.

● டை வாங்கும்போது எழும் பெரிய கேள்வி: கழுத்தை மட்டும் சுருக்கும் டையா, முழு உடலையும் சுருக்கும் டையா? கூடு சேம்பரின் வார்ப்பாகவே இருக்கட்டும், கழுத்தை மட்டும் இறுக்கினால் போதும் என்று ஒரு காலத்தில் துல்லியச் சுடுதலில் பலர் நம்பினார்கள். கூட்டுக்கும் நீண்ட ஆயுள் கிடைக்கும் என்றார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் சில தடவை சுட்டதும் உடல் பருத்து, சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டை மூடக் கை முறுக்கவேண்டிய நிலை வரும். போல்ட்டை முறுக்கினால் துப்பாக்கி தன் இருப்பிலிருந்து அசைகிறது. அசைந்த துப்பாக்கி அடுத்த குண்டை வேறிடத்தில் போடுகிறது. இன்று துல்லியப் போட்டியாளர்களில் பெரும்பாலோர் ஒவ்வொரு தடவையும் முழு உடலையும் சுருக்கும் டைக்குத் திரும்பிவிட்டார்கள். என் தீர்ப்பும் அதுவே. ஒரே ஒரு டை வாங்கக் காசு இருந்தால் முழு உடல் டையை வாங்குங்கள்.

● சரி, முழு உடல் டை தோளை எவ்வளவு கீழே தள்ளவேண்டும்? போல்ட் துப்பாக்கிக்கு ஆயிரத்தில் 2 அங்குலம், அதாவது 0.05 மில்லிமீட்டர். ஜெராக்ஸ் தாளில் பாதிக் கனம்! இதைக் கண்ணால் பார்க்க முடியாது. வெர்னியரின் தாடையில் தோள் அளவு காட்டும் கேஜைப் பொருத்தி, சுட்ட கூட்டை அதில் நிறுத்தி அளக்கவேண்டும். செத்த பிரைமரைத் தட்டி எடுத்துவிட்டுத்தான் அளக்கவேண்டும். பிரைமர் ஒரு துளி பிதுங்கி நின்றாலும் அளவு பொய் சொல்லும். ஒரு தடவை சுட்ட கூடு இன்னும் சேம்பரை முழுதாக நிரப்பியிராது. இரண்டு மூன்று தடவை சுட்ட கூட்டின் அளவே நம்பகமானது. பல டைகளோடு வரும் குறிப்புச் சீட்டில், கூட்டின் அடியைப் பிடித்திருக்கும் பிடிமானத்தை டை தொட்டதும் இன்னும் கால் சுற்றுவரை திருகச் சொல்லியிருக்கும். எல்லாத் துப்பாக்கிக்கும் பொதுவாகச் சொன்ன வழி அது. உங்கள் துப்பாக்கிக்குத் தேவைக்கு மேல் தோளைத் தள்ளிவிடக்கூடும்.

● தேவைக்கு மேல் தள்ளினால் என்ன ஆகும்? .308 துப்பாக்கியின் சேம்பரைச் சோதிக்கும் இரண்டு கேஜ்களில், போல்ட் மூடவேண்டிய கேஜ் 1.630 அங்குலம், மூடக்கூடாத கேஜ் 1.634 அங்குலம். இரண்டுக்கும் நடுவே ஒரு தாளின் கனம்தான். தோள் அளவுக்கு மீறி இறங்கிய கூட்டுக்குச் சேம்பரில் முன்னும் பின்னும் ஆட இடம் கிடைக்கும். வெடிக்கும்போது முன்பாதி சுவரில் ஒட்டிக்கொள்ள, அடிப்பாகம் பின்னே இழுபடும். ஒவ்வொரு சூட்டிலும் அடிக்குச் சற்று மேலே பித்தளை மெலிந்துகொண்டே வந்து, ஒரு நாள் இரண்டாக அறுந்துவிடும். கூடு அறுந்தால் சூடான வாயு பின்பக்கம், சுடுகிறவர் முகத்தை நோக்கி வரக்கூடும். கண் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும்.

மெலிவைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. காகிதம் கோக்கும் கம்பி கிளிப் ஒன்றை நிமிர்த்தி, நுனியை நகம்போல மடக்கி, கூட்டுக்குள் விட்டு அடியிலிருந்து சுவரை ஒட்டி மேலே இழுங்கள். நல்ல கூட்டில் நுனி வழுக்கிக்கொண்டு வரும். மெலிந்த கூட்டில் ஓரிடத்தில் பள்ளத்தில் விழுந்ததுபோலத் தடுக்கும். வெளியே அதே இடத்தில் பளபளவென்று ஒரு வளையம் தெரியலாம். தடுக்கிய கூடு குப்பைக்கு, அதில் பேரம் வேண்டாம்.

● சாதாரண டையின் நடுவே ஒரு கம்பியும் அதில் உருண்டையும் இருக்கும். டை முதலில் கழுத்தைத் தேவைக்கு அதிகமாகவே இறுக்கிவிடும். கூட்டை வெளியே இழுக்கும்போது உருண்டை உள்ளிருந்து கழுத்தை விரித்துச் சரியாக்கும். மலிவான, எல்லாப் பித்தளைக்கும் ஒத்துவரும் ஏற்பாடு. சிக்கல் என்னவென்றால், இழுக்கும் வேகத்தில் உருண்டை கழுத்தை ஒரு பக்கமாகக் கோணவைத்துவிடலாம். கழுத்து கோணினால் குண்டும் கோணும். கூட்டை உருட்டியபடி டயல் முள்ளை வைத்துப் பார்த்தால் அந்தக் கோணல் முள்ளின் ஆட்டத்தில் தெரியும்.

● அதற்கு மாற்றுதான் புஷ்ஷிங் டை. கழுத்தை இறுக்கும் சிறு வளையத்தை மட்டும் தனியே மாற்றிக்கொள்ளலாம். வளையங்கள் ஆயிரத்தில் ஒரு அங்குல இடைவெளியில் கிடைக்கின்றன. நியூயார்க் மாநிலம் கார்ட்லண்டில் இருக்கும் ரெட்டிங் நிறுவனத்தின் டைப்-எஸ் டை இந்த வகையில் பேர்போனது. வளையம் தேர்வது எளிது: குண்டு வைத்து முடித்த தோட்டாவின் கழுத்தை வெளியே அளந்து, அதில் ஆயிரத்தில் 2 அங்குலம் கழியுங்கள். கழுத்து 0.336 என்றால் வளையம் 0.334. பித்தளையின் பிராண்டை மாற்றினால் கழுத்துச் சுவரின் கனம் மாறும், வளையத்தையும் மாற்றவேண்டும். இதை மறந்துவிட்டு டையைக் குறை சொல்பவர்கள் உண்டு.

● புஷ்ஷிங் வளையம் வெளியிலிருந்து இறுக்குவதால், கழுத்துச் சுவரின் மேடுபள்ளங்கள் எல்லாம் உட்பக்கம் போய்விடும். குண்டைப் பிடிப்பது உட்பக்கம்தானே! அதனால் வளையத்தில் இறுக்கிய பிறகு, அளவான எஃகுக் கம்பியைக் கழுத்துக்குள் மேலிருந்து தள்ளி உட்பக்கத்தைச் சமன் செய்கிறார்கள். இதற்கு மாண்ட்ரல் என்று பெயர். உருண்டை இழுக்கிறது, மாண்ட்ரல் தள்ளுகிறது. தள்ளும்போது கூட்டின் அடி பிடிமானத்தில் அழுந்தி நிற்பதால் கழுத்து கோணுவது குறைவு.

● புஷ்ஷிங்கும் வேண்டாம், உருண்டை படுத்தும் பாடும் வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி. இலினாய் மாநிலத்தின் லனார்க்கில் உள்ள ஃபார்ஸ்டர் நிறுவனம், தன்னுடைய முழு உடல் டையின் கழுத்துப் பகுதியை நாம் கேட்கும் அளவுக்குத் தேய்த்து அகலப்படுத்தித் தரும். ஒரே பித்தளையை நெடுங்காலம் பயன்படுத்துகிறவருக்கு இது போதும். சுட்ட கூடுகளை அனுப்பினால் அவற்றுக்கென்றே டை கடைந்து தரும் பட்டறைகளும் உண்டு.

● குண்டை உட்காரவைக்கும் டை வேறு. அதில் முக்கியம், குண்டின் மூக்கைத் தொடும் தண்டு. போட்டிக் குண்டுகளின் நுனி ஒன்றுபோல ஒன்று இராது. நுனியைத் தொட்டு அழுத்தினால் ஆழம் குண்டுக்குக் குண்டு மாறும். நல்ல தண்டு நுனியை விட்டுவிட்டு மூக்கின் வளைவில் வளையமாகப் பிடிக்கும். நீண்டு மெலிந்த மூக்குள்ள குண்டுகளுக்குத் தனித் தண்டு விற்கிறார்கள். உங்கள் குண்டில் வட்டமாக அழுத்தத் தழும்பு விழுந்தால் தண்டு பொருந்தவில்லை என்று அர்த்தம். டையின் தலையில் மைக்ரோமீட்டர் இருந்தால் வசதி, கட்டாயமில்லை. குண்டு நுழையும் முன்பே கூட்டையும் குண்டையும் நேர்கோட்டில் தாங்கும் நகரும் உறை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நான் காசு கொடுப்பது அதற்குத்தான்.

● திருகிப் பொருத்தும் பிரஸ் இல்லாமலும் டை உண்டு. வாஷிங்டன் மாநிலம் கேஷ்மியர் ஊரின் எல்.இ. வில்சன் நிறுவனக் கை டைகளைச் நேராக அழுத்தும் சிறு ஆர்பர் பிரஸ்ஸோடு பையில் போட்டுக்கொண்டு, துப்பாக்கியை மேசையில் தாங்கிவைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டியாளர்கள் சுடுதளத்திலேயே உட்கார்ந்து தோட்டா செய்கிறார்கள். 1958-இல் ரிச்சர்ட் லீ கொண்டுவந்த லீ லோடர் என்ற கைக்கருவிக்குச் சுத்தியல் ஒன்று இருந்தால் போதும்.

● டங்ஸ்டன் கார்பைடு டை வாங்கினால் மசகு தேவையில்லை என்பது நேரான கைத்துப்பாக்கிக் கூட்டுக்குப் பொருந்தும். கழுத்தும் தோளும் உள்ள ரைஃபிள் கூட்டுக்குப் பொருந்தாது. மசகு இல்லாமல் உள்ளே போன கூடு டைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லானோலின் இதற்கு நல்ல மசகு. அளவு மீறினால் தோளில் குழி விழும், எண்ணெய் நசுங்காது என்பதால் பித்தளை நசுங்குகிறது. விரல் நுனியில் பட்டும் படாமலும் எடுத்துத் தடவவேண்டும், வேலை முடிந்ததும் துடைத்துவிடவேண்டும்.

● தோட்டாக் கூட்டின் பித்தளையில் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்கள் மழைக்காலத்தில் தாமாகவே விரிசல் விட்டன. 1921-இல் காரணம் விளங்கியது: குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியாவும், சூடுகாட்டாமல் இழுத்து உருவாக்கும்போது பித்தளைக்குள் தங்கிவிட்ட இறுக்கமும். இதமாகச் சூடுகாட்டி இறுக்கத்தை எடுப்பதே மருந்து. டையில் மறுபடி மறுபடி சுருங்கும் கழுத்தும் அப்படியே இறுகிப்போகிறது. அதற்கும் சூடுகாட்டல்தான் வைத்தியம். அமோனியா கலந்த பாலிஷை இன்றும் தோட்டாக் கூட்டுக்குக் காட்டக்கூடாது.

● இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். அமெரிக்காவிலோ கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ சட்டப்படி இந்த விளையாட்டில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதல் காசை வெர்னியருக்கும் தோள் கேஜுக்கும் கொடுங்கள். உங்கள் துப்பாக்கி சுட்ட ஐந்து கூடுகளை அளந்து தாளில் எழுதிக்கொண்டு, அந்தத் தாளோடு டை வாங்கப் போங்கள்.