என்.எச். 205 சிம்லா பக்கம் போயிடுச்சு... நெரிசல் மட்டும் ஏன் ஆவடியிலேயே நிற்குது?

கோவில்பதாகையில் இருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போறவங்களுக்கு அது வெறும் 'சி.டி.எச். ரோடு'. சென்னை - திருவள்ளூர் ஹை ரோடு என்பதன் சுருக்கம். கொஞ்சம் வயதானவர்களிடம் கேட்டால் 'என்.எச். 205' என்பார்கள். ஆனால் இன்று தேசிய நெடுஞ்சாலை 205-ஐத் தேடிப் பாருங்கள். பஞ்சாபின் கரரில் தொடங்கி, ஹிமாச்சலின் பிலாஸ்பூர் வழியாக சிம்லா பக்கம் போகும் சாலைதான் கிடைக்கும். அப்போ நம்ம 205 எங்கே போச்சு?

எண் எப்படி மாறியது?

பழைய 205, சென்னை பாடியில் இருந்து ஆவடி, திருவள்ளூர், திருத்தணி, ரேணிகுண்டா, திருப்பதி, மதனப்பள்ளி வழியாக அனந்தபூர் வரை சுமார் 440 கி.மீ. ஓடியது. 2010-ல் மத்திய அரசு நாடு முழுக்க நெடுஞ்சாலை எண்களை மாற்றி அமைத்தது. புதிய முறையில் வடக்கு - தெற்காகப் போகும் முக்கியச் சாலைகளுக்கு இரட்டைப்படை எண். கிழக்கு - மேற்குக்கு ஒற்றைப்படை. மூன்று இலக்க எண் என்றால் அது கிளைச் சாலை. கடைசி இரண்டு இலக்கங்கள் தாய்ச் சாலையைக் காட்டும்.

அதன்படி பழைய 205 மூன்று துண்டானது. சென்னை - ரேணிகுண்டா பகுதி, கொல்கத்தா சாலையான 16-ன் கிளையாக 716 என்ற எண்ணில் கடப்பா பக்கம் திரும்பியது. திருப்பதி - மதனப்பள்ளி பகுதி 71-க்குள் போனது. அங்கிருந்து அனந்தபூர் வரையிலான பகுதி 42-ல் சேர்ந்தது. ரோடு அதே இடத்தில்தான் இருக்கு, அட்ரஸ்தான் மாறிச்சு.

அந்த ரோட்டுக்கு ஏன் அவ்வளவு மவுசு?

எண்கள் வருவதற்கு முன்பே இது பக்தர்களின் வழி. சென்னையில் இருந்து புறப்படும் திருப்பதி திருக்குடை ஊர்வலம் இன்றும் வில்லிவாக்கம், திருமுல்லைவாயல், திருவள்ளூர் வழியாகத்தான் நடக்கிறது. 1856-ல் ராயபுரம் - வாலாஜா ரோடு ரயில் பாதையும் இதே திசையில் வந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு தொழிற்சாலைகள் வந்தன. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ், டன்லப், 1960-களில் தொழிற்பேட்டை. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. வேலை வந்த இடத்துக்கு வீடும் வந்தது. ஊர்களுக்கு நடுவே போன நெடுஞ்சாலை, ஊர்களின் கடைத்தெருவாக மாறியது இப்படித்தான்.

புதிய சாலைகள் வந்தும் நெரிசல் ஏன் குறையல?

பெங்களூரு சாலையில் இருந்து கொல்கத்தா சாலைக்குப் போகும் லாரிகள் முன்பு கோயம்பேடு, பாடி வழியாக நகருக்குள் புகுந்துதான் போகும். பெருங்களத்தூர் - புழல் பைபாஸ் (32 கி.மீ.) அதை வெளியே தள்ளியது. அடுத்து வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலை. இதில் நெமிலிச்சேரி வரையிலான முதல் கட்டம் 2014-லும், மீஞ்சூர் வரையிலான இரண்டாம் கட்டம் 2021-லும் திறக்கப்பட்டன.

இங்கேதான் விஷயம் இருக்கு. இவை இரண்டும் வளையச் சாலைகள். சி.டி.எச். ரோட்டை ஒன்று அம்பத்தூரிலும், இன்னொன்று நெமிலிச்சேரியிலும் குறுக்கே தாண்டுகின்றன. சக்கரத்தின் விளிம்பு மாதிரி. சி.டி.எச். ரோடோ நகருக்குள் வரும் ஆரக்கால். விளிம்பு எத்தனை போட்டாலும் ஆரக்காலின் வேலையைச் செய்யாது. கோவில்பதாகைக்காரர் வண்டலூர் போக வெளிவட்டச் சாலை ஏறிவிடலாம். அம்பத்தூர் போகவோ பாடி போகவோ அது உதவாது.

அமெரிக்காவின் புகழ்பெற்ற 'ரூட் 66' கதை இதற்கு நேர் எதிர். 1926-ல் சிகாகோவையும் கலிபோர்னியாவையும் இணைத்த அந்தச் சாலைக்குப் பக்கத்திலேயே, அதே திசையில் அதிவேகச் சாலைகள் போடப்பட்டன. வண்டிகள் அங்கே மாறின. வழிப்போக்கர்களை நம்பிய சிற்றூர்கள் பல வெறிச்சோடின. 1985-ல் அந்த எண்ணே நீக்கப்பட்டது. அங்கே பயணிகள் போனார்கள், ரோடு காலியானது. இங்கே ரோட்டில் இருப்பது பயணிகள் மட்டுமல்ல, குடியிருப்பவர்களும்தான். அவர்கள் எங்கே போவார்கள்?

இனி என்ன?

ஆந்திராவுக்கான நெடுந்தூரப் போக்குவரத்தை இழுக்க சித்தூர் - தச்சூர் ஆறுவழிச் சாலையும், மாமல்லபுரம் வரையிலான எல்லைச் சாலையும் திட்டமிடப்பட்டுள்ளன. இவை சரக்கு லாரிகளுக்கு நல்லது. ஆனால் காலை எட்டு மணிக்கு ஆவடியில் நிற்கும் பைக்குக்கும் பஸ்ஸுக்கும் இவற்றால் பெரிய விடிவு இல்லை.

அந்த நெரிசலுக்கு மருந்து ஆரக்காலிலேயே இருக்க வேண்டும். கூடுதல் மின்சார ரயில்கள், ரயில் நிலையத்துக்கு நேரடி மினி பஸ், நடைபாதை, பாதுகாப்பாகக் கடக்கும் இடங்கள். கோயம்பேடு - பட்டாபிராம் மெட்ரோவும் (சுமார் 21.7 கி.மீ.) அந்த வரிசையில் ஒன்று, அதன் விரிவான திட்ட அறிக்கை 2025-ல் தமிழக அரசிடம் தரப்பட்டது.

சிக்கல் என்னவென்றால், இந்த ஒரே ரோடு சென்னை மாநகராட்சி (அம்பத்தூர் 2011-ல் அதில் இணைந்தது), 2019-ல் உருவான ஆவடி மாநகராட்சி, திருநின்றவூர் நகராட்சி என மூன்று எல்லைகளைத் தாண்டுகிறது. நெடுஞ்சாலை என்று பார்த்தால் வண்டி எவ்வளவு வேகமாகப் போகுது என்பதுதான் கேள்வி. தெரு என்று பார்த்தால் ஒரு பாட்டி எவ்வளவு பத்திரமாக எதிர்ப்பக்கம் போறாங்க என்பது கேள்வி. சி.டி.எச். ரோடு இன்று இரண்டுமாக இருக்கிறது. அடுத்த முறை அகலப்படுத்தும் அறிவிப்பு வரும்போது, எத்தனை லேன் என்பதோடு எத்தனை அடி நடைபாதை என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.