கேள்வி கேட்க ஓர் ஆங்கிலம்

மலையகத் தோட்டங்களில் ஆங்கிலமே தெரியாதவர் என்று எவரையும் எளிதில் சொல்லிவிட முடியாது. காலையில் பெரட்டுக்குப் போகிறவரின் வாயில் ‘பரேட்’ இருக்கிறது. தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்குள் ‘லைன்’ இருக்கிறது. கண்டாக்கையா ‘கண்டக்டர்’, கிளாக்கர் ‘கிளார்க்’, தேயிலைத் தொழிற்சாலையை இஸ்டோர் என்னும்போது அதற்குள் ‘ஸ்டோர்’. செக்ரோல், டிவிசன், டீமேக்கர், டிஸ்பென்சரி என்று இந்தப் பட்டியல் நீளும். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா மலைகளில் நூறாண்டுக்கு மேலாகப் புழங்கிய ஆங்கிலத்தைத் தொழிலாளர்கள் தங்கள் நாவுக்கேற்பச் செதுக்கித் தமிழாக்கிக்கொண்டார்கள். கொடுக்கவும் செய்தார்கள். ஒரு நாள் சம்பளத்துக்கான வேலையைப் ‘பேர்’ என்றும் அதில் பாதியை ‘அரைப்பேர்’ என்றும் அவர்கள் சொல்ல, துரைமார் அதை அப்படியே ‘ஹாஃப் நேம்’ என்று தங்கள் ஆங்கிலத்தில் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் மலைக்கு வந்த ஆங்கிலச் சொற்களை அடுக்கிப் பார்த்தால் ஒன்று உடனே கண்ணில் படும். ஏறக்குறைய அத்தனையும் பெயர்கள்: இடத்தின் பெயர், பதவியின் பெயர், பதிவேட்டின் பெயர். ‘இது ஏன் குறைந்திருக்கிறது?’ என்று கேட்பதற்கான வாக்கியம் அவற்றோடு வரவில்லை. அது பங்களாவிலும் ஆபீசிலுமே தங்கிவிட்டது.

அதே காலத்தில் மறுதரப்பில் நடந்த மொழிப்பாடத்தையும் பார்க்க வேண்டும். தோட்டத்துக்கு வந்து சேர்ந்த ஆங்கிலேய சின்னத்துரை தமிழ் கற்றாக வேண்டியிருந்தது. அவருக்காகவே சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் கையேடுகள் அச்சாயின. அவற்றுள் ஒன்றை வெளியிட்டவர் ஏ. எம். ஃபெர்குசன். அந்த நூலின் பெயரே ‘இங்கே வா’. 1915இல் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் எழுதிய இன்னொரு கையேட்டின் பெயர் ‘கூலித் தமிழ்’. இந்தக் கையேடுகளின் மையம் வேலை ஏவும் வாக்கியங்கள்தாம். அன்றாடப் பேச்சுக்கான வாக்கியத் தொகுப்பு வெறும் மொழிக்கருவி என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு தலைப்புகளையும் ஒரு முறை வாய்விட்டுப் படிக்கட்டும். யார் யாரோடு எந்த நிலையில் நின்று பேசப் போகிறார்கள் என்பதை ஒரு கையேடு தன் முதல் வாக்கியத்திலேயே முடிவு செய்துவிடுகிறது. ஆகவே இன்று மலையக இளைஞர்களுக்கு ஆங்கில வாக்கியங்கள் கற்பிக்கும்போது எத்தனை வாக்கியங்கள் என்ற கணக்கைவிட, எவற்றை முதலில் என்ற தேர்வே முக்கியம். கேட்கவும், விளக்கம் கோரவும், மறுக்கவும் உதவும் வாக்கியங்களே முதலில் வர வேண்டும் என்பது என் வாதம்.

சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்துப் பேசினால் இந்த இடத்தில்தான் சறுக்கும். தமிழில் மரியாதை வினையின் வாலில் இருக்கிறது. ‘சொல்லு’ என்பது ஏவல், ‘சொல்லுங்க’ என்பது வேண்டுகோள். நடுவே இருப்பது ஒரு ‘ங்க’ மட்டுமே. ஆங்கிலத்தில் அந்த ‘ங்க’ கிடையாது. பணிவாகச் ‘சொல்லுங்க சேர்’ என்று நினைத்துக்கொண்டு ஒருவர் ‘டெல் மீ’ என்றால், கேட்பவர் காதில் அது அதட்டலாக விழக்கூடும். ஆங்கிலம் தன் மரியாதையை வாக்கியத்தின் தலையில் வைக்கிறது: ‘குட் யூ’, ‘மே ஐ’, ‘ஐ வுட் லைக் டு’. அதனால் ‘குட் யூ எக்ஸ்ப்ளெயின் திஸ், ப்ளீஸ்?’ என்பதைப் பிரிக்காமல் ஒரே கட்டாகக் கற்றுக்கொள்வதே சரி. இன்னொரு இடறல் இதைவிட ஆபத்தானது. ‘பணம் வரலையா?’ என்று கேட்டால் தமிழில் ‘ஆமா, வரல’ என்போம். ‘டிட்ன்ட் யூ ரிசீவ் தி மனி?’ என்ற கேள்விக்கு அதே பழக்கத்தில் ‘யெஸ்’ என்றால் பணம் கிடைத்துவிட்டதாகப் பொருள். ‘நோ, ஐ டிட்ன்ட்’ என்பதே வரவில்லை என்பதற்கான பதில். எதிர்மறைக் கேள்விக்குச் சொல்லும் ஒற்றைச் சொல்லில் ஒருவருடைய முறைப்பாடே கவிழ்ந்துவிடலாம். இலக்கணப் புத்தகத்தில் இதற்கு ஒரு மூலைதான் கிடைக்கும். தொழில் செய்து பிழைப்பவருக்கோ இது முதல் வாரப் பாடமாக இருக்க வேண்டும்.

இந்த வாக்கியங்களுக்கு வேலை எங்கே இருக்கிறது? முதலில் சம்பளத்தில். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்தில் 8 சதவீதம் பிடிக்கப்படுகிறது, கம்பனி 12 சதவீதம் செலுத்துகிறது. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு மேலும் 3 சதவீதம் கம்பனியின் பங்கு. ‘ஈபிஎஃப்’, ‘ஈடிஎஃப்’ என்ற எழுத்துகள் எல்லாருக்கும் பழக்கம்தான். ஆனால் ‘டிடக்ஷன்’ என்றால் பிடித்தம், ‘அரியர்ஸ்’ என்றால் நிலுவை, ‘பேலன்ஸ்’ என்றால் மீதி என்று தெரிந்து, ‘வாட் இஸ் திஸ் டிடக்ஷன் ஃபார்?’ என்று விரல் வைத்துக் கேட்கும்போதுதான் அந்தச் சம்பளச் சீட்டு உண்மையில் அவருடையதாகிறது. அடுத்து, மலையைவிட்டு வேலைக்குப் போகும் பிள்ளைகள். கொழும்புக் கடையிலும் ஹோட்டலிலும் வாடிக்கையாளரிடம் பேச வேண்டும். வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். ‘மே ஐ ஹாவ் எ காபி?’ என்று ஒரு பிரதி கேட்டு வாங்குவதும், ‘ஐ வில் சைன் ஆஃப்டர் ஐ ரீட் இட்’ என்று நிதானமாகச் சொல்வதும் ஒரு குடும்பத்தையே காப்பாற்றக்கூடியவை. சுற்றுலாவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நானுஓயாவில் ரயிலை விட்டு இறங்கும் வெளிநாட்டவரும், பருவகாலத்தில் ஹட்டன் வழியாகச் சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்களும் ஆங்கிலத்தின் பயனை ஏற்கெனவே காட்டிவிட்டார்கள்.

ஆங்கிலத்துக்கு முன்னால் சிங்களம் அல்லவா வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. பொலிஸ் நிலையம், பிரதேச செயலகம், ஆஸ்பத்திரி என்று அன்றாடம் ஏறி இறங்கும் இடங்களில் சிங்களம் தெரியாமல் படும் பாடு உண்மையானது. சிங்களம் கற்க வேண்டாம் என்று மலையகத்தில் எவரும் சொல்ல மாட்டார். ஆனாலும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி, ஆங்கிலம் இணைப்பு மொழி. அரச அலுவலகத்தில் தமிழில் பதில் கேட்பது உரிமை. அந்த உரிமையைக் கேட்டு வாங்குவதை நாம் விட்டுவிடவே கூடாது. ஆனால் அரசியலமைப்பின் மொழி அத்தியாயம் பேசுவது அரச நிர்வாகம், சட்டம், நீதிமன்றம், கல்வி பற்றித்தான். 1992 முதல் தோட்டங்களை நடத்தும் பெருந்தோட்டக் கம்பனிகளின் கோப்புகளையோ, கொழும்புத் தேயிலை ஏலத்தையோ, வெளிநாட்டு முதலாளியின் ஒப்பந்தத்தையோ அது தமிழுக்குக் கொண்டுவந்துவிடாது. அங்கே ஆங்கிலம்தான் நடக்கிறது. சிங்களம் அயலவரோடு வாழ, ஆங்கிலம் அந்தக் கோப்பைத் திறந்து பார்க்க. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்றாகாது.

ஆசிரியர்கள் எழுப்பும் எதிர்ப்பு இன்னும் கனமானது. வாக்கியங்களை மனனம் செய்தால் கிளிப்பிள்ளைதான் உருவாகும், இலக்கணம்தான் அடித்தளம் என்பார்கள். மூன்றாம் தரத்திலிருந்து சாதாரண தரம் வரை நம் பிள்ளைகள் ஒன்பது ஆண்டுகள் ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படிக்கிறார்கள். ஆனால் அதில் சித்தியடையாமலே உயர்தரத்துக்குப் போகலாம். உயர்தரத்தில் பொது ஆங்கிலப் புள்ளி பல்கலைக்கழக இசட் புள்ளியில் சேராது. பரீட்சை பொருட்படுத்தாத பாடத்துக்கு, ஆசிரியர் பற்றாக்குறையுள்ள பாடசாலை முதலிடம் தரப்போவதில்லை. இலவசக் கல்வி 1945இல் வந்தும், தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை 1970களில்தான் அரசின் கைக்கு வந்தன. அந்தப் பின்னடைவின் சுமை இன்னும் இறங்கவில்லை. கிளிப்பிள்ளை அச்சத்தில் ஓர் உண்மை இருக்கிறது: மனனம் செய்த வாக்கியம் எதிரிலிருப்பவர் பதில் சொன்னதும் உடைந்துபோகும். மனப்பாடத்தையே கைவிடுவது அதற்கு மருந்தாகாது. ‘குட் யூ சே தட் அகெயின்?’, ‘ப்ளீஸ் ஸ்பீக் ஸ்லோலி’, ‘வாட் டஸ் திஸ் வேர்ட் மீன்?’ என்று பேச்சைப் பிடித்து நிறுத்தும் வாக்கியங்களையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும். குழந்தை வினைமுற்று படித்துவிட்டா ‘எனக்கு வேணாம்’ என்கிறது? வாக்கியம் முதலில் வரும், அதன் உறுப்புகளைப் பிரித்தறிவது பின்னால் வரும். சொல் விஷயத்திலும் மலைக்க வேண்டியதில்லை. டாக்காவில் ஆங்கிலம் கற்பித்த மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட அடிப்படைச் சொற்பட்டியலில் ஏறக்குறைய 2,000 சொற்களே இருந்தன. சாதாரண எழுத்தில் வரும் சொற்களில் ஐந்தில் நான்கு பங்கை அவையே நிரப்பிவிடும். மலையகத்தவருக்கு அந்த 2,000 அந்நியமும் அல்ல. செக், ரோல், ஸ்டோர், லைன் எல்லாம் வாயில் இருக்கின்றன. அவற்றைச் சேர்க்கும் கயிறுதான் வேண்டும்.

ஆங்கிலம் கற்றவன் லயத்தைத் திரும்பிப் பார்க்க மாட்டான் என்ற மனக்குறையும் தோட்டத்தில் உண்டு. பெரிய கங்காணி வீட்டுக்கும் ஆபீஸ் உத்தியோகத்தருக்கும் ஆங்கிலம் எட்டி, கொழுந்து பறிப்பவருக்கு எட்டாமல் போன வரலாற்றிலிருந்து பிறந்த குறை அது. அதே வரலாற்றில் வேறு மனிதர்களும் இருக்கிறார்கள். கோ. நடேசய்யர் தமிழில் ‘தேசபக்தன்’ பத்திரிகை நடத்தித் தொழிலாளரோடு பேசினார். துரைமார் ஆட்சியை ‘பிளான்டர் ராஜ்’ என்று ஆங்கிலத்தில் எழுதி, ஆட்சியாளரின் மொழியிலேயே ஆட்சியாளரைக் கேள்வி கேட்டார். 1931இல் அவர் தொழிற்சங்கம் கட்டியது ஹட்டனில். கங்காணிக் குடும்பத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனார். மறு ஆண்டு வந்த பிரஜாவுரிமைச் சட்டம் அவருடைய மக்களை நாடற்றவர்களாக்கியபின், ‘இன் சிலோன்ஸ் டீ கார்டன்’ என்ற ஆங்கிலக் கவிதையில் அவர்களுடைய வாழ்வை வெளியுலகத்துக்குச் சொன்னார். ஆங்கிலம் இவர்களை மக்களிடமிருந்து பிரிக்கவில்லை. ஒருசிலரிடம் மட்டும் இருக்கும்வரைதான் அது வேலியாக நிற்கும். லயத்துக்கு லயம் பரவிவிட்டால் அதைக் காட்டி எவரும் எவரையும் ஒதுக்க முடியாது.

தொழிற்சங்கங்களிடமும், வாசிகசாலைகளிடமும், மாலை நேர ஆங்கில வகுப்பு நடத்துவோரிடமும் ஒரு வேண்டுகோள். வெளியூரில் அச்சான புத்தகத்தை எடுத்து விமான நிலையத்தில் பேசுவது எப்படி என்று தொடங்காதீர்கள். உங்கள் தோட்டத்து மக்களிடம் போய், கேட்க நினைத்தும் கேட்க முடியாமல் திரும்பிவந்த கேள்விகளைத் தமிழில் எழுதி வாங்குங்கள். சம்பளச் சீட்டு, வங்கி, வேலை நேர்முகம், வெளிநாட்டு ஒப்பந்தம் என எதைப் பற்றியதாகவும் அவை இருக்கட்டும். அவற்றை நல்ல ஆங்கிலத்தில், பக்கத்திலேயே தமிழ் உச்சரிப்போடு, ஒரு சிறு கையேடாக அச்சிடுங்கள். முதல் மாதத்துக்கு அந்தக் கேள்விகளே பாடமாக இருக்கட்டும்.