இதயமே வீக்... அதை மெதுவாக்க ஏன் மாத்திரை?

"ஹார்ட் வீக்குன்னு சொல்றாங்க. அப்புறம் துடிப்பைக் குறைக்கிற மாத்திரையை ஏன் கொடுக்குறாங்க?"

இதயச் செயலிழப்புக்கு பீட்டா பிளாக்கர் எடுப்பவர்களின் வீட்டில் எழும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஒரு காலத்தில் டாக்டர்களும் இந்த நோயாளிகளுக்கு இந்த மாத்திரை ஆகாது என்றே நினைத்தார்கள். 1975-ல் ஸ்வீடனின் கோதன்பர்க் டாக்டர்கள் 7 பேருக்குக் கொடுத்து, பலன் தெரிகிறது என்று சொன்னபோது நம்பியவர்கள் குறைவு.

பதிலின் முக்கியப் பகுதி, ஜிஆர்கே2 என்ற நொதியில் இருக்கிறது.

பயந்தாலோ ஓடினாலோ அட்ரீனலின் சுரக்கிறது. இதயத் தசை செல்லின் மேலுள்ள பீட்டா ரிசெப்டர் அதைப் பிடித்து, 'வேகமா அடி' என்று உள்ளே சேதி சொல்கிறது. காலிங் பெல் மாதிரி. யாராவது பெல்லை அழுத்திக்கொண்டே இருந்தால்? அங்கேதான் ஜிஆர்கே2 வருகிறது. இது ஒரு கைனேஸ், அதாவது பாஸ்பேட் ஒட்டும் நொதி. வேலையில் இருக்கும் ரிசெப்டரின் வால் பகுதியில் பாஸ்பேட்டை ஒட்டிவிடும். உடனே அரெஸ்டின் என்ற புரதம் வந்து உட்கார்ந்து சேதியை நிறுத்தும். ரிசெப்டரே செல்லுக்குள் இழுக்கப்படுவதும் உண்டு. 1980-களில் இந்த நொதியை அடையாளம் கண்டது, அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லெஃப்கோவிட்ஸின் குழு. ரிசெப்டர் ஆய்வுக்காக 2012-ல் வேதியியல் நோபல் பெற்ற இருவரில் அவர் ஒருவர்.

இதயம் பலவீனமானதும் உடல் பதறுகிறது. பெல்லை நாள் முழுக்க அழுத்துகிறது. செல்லோ ஜிஆர்கே2-வைக் கூட்டிக்கொண்டே போகிறது. 1993-ல் வெளியான ஓர் ஆய்வில், செயலிழந்த மனித இதயங்களில் இந்த நொதிக்கான ஆர்என்ஏ கிட்டத்தட்ட 3 மடங்கு இருந்தது. பீட்டா-1 ரிசெப்டர்கள் சுமார் பாதியாகக் குறைந்திருந்தன. மாடிப்படி ஏறும்போது நிஜமாகவே வேகம் தேவை. ஆனால் பெல் அடிப்பதில்லை.

பீட்டா பிளாக்கர், அழுத்தும் விரலைத் தடுக்கிறது. விலங்கு ஆய்வுகளில், இதைக் கொடுத்தபோது ஜிஆர்கே2 குறைந்தது. மனிதர்களிடம் நடந்து 1999-ல் வெளியான இரு பெரிய ஆய்வுகளில் மரணம் தலா 34 சதவீதம் குறைந்தது.

அப்போ ஜிஆர்கே2-வையே மொத்தமா நிறுத்திடலாமே? முடியாது. அது இல்லாத எலிக்கருக்கள் பிறக்கும் முன்பே இறந்துவிட்டன. பராக்ஸெடின் என்ற மனச்சோர்வு மருந்து அதை ஓரளவு அடக்குவது 2012-ல் தெரியவந்தது, மாரடைப்பு வந்த எலிகளுக்கு உதவியது. அதற்காக அதை இதயத்துக்கென்று வாங்கிச் சாப்பிடக் கூடாது.

பீட்டா பிளாக்கர் தொடங்கிய முதல் சில வாரங்களில் சோர்வு அதிகமாகலாம். அதனால்தான் சிறிய டோஸில் ஆரம்பித்து மெதுவாக ஏற்றுகிறார்கள். 'மாத்திரைதான் படுத்துது' என்று திடீரென நிறுத்தினால், அதுவரை தடுத்து வைத்த அட்ரீனலின் மொத்தமும் பலவீனமான இதயத்தின் மேல் பாயும். சோர்வைத் தாங்க முடியவில்லை என்றால், டோஸை மாற்ற வேண்டியது டாக்டர்தான்.