தடுமாறும் காலுக்கும் மறதிக்கும் சீனத்துப் பயிற்சி



வயதானால் கால் தடுமாறும், மறதி வரும், அதுக்கு ஒண்ணும் செய்ய முடியாதுன்னு விட்டுவிடுகிறோம். ஆனால் ஒருமுறை விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் பலர் பழையபடி நடப்பதில்லை.

சீனாவில் முதியவர்கள் பூங்காவில் கூடி ‘தாய் சி’ பயிற்சி செய்கிறார்கள். முன்பு இது சண்டைக் கலை. கை காலை மெதுவாக அசைத்து, உடம்பின் பாரத்தை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்ற வேண்டும். எல்லோரும் கற்பதற்காக 1956-ல் சீன அரசு இதை 24 அசைவுகளாகச் சுருக்கியது.

பலன் உண்டா? அமெரிக்காவில் 70 வயதும் அதற்கு மேலும் ஆன 670 பேரிடம் சோதித்தார்கள். வாரம் 2 நாள், 1 மணி நேரம், 24 வாரம். கை கால் நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட, தாய் சி செய்தவர்கள் விழுந்தது 58 சதவீதம் குறைவு என்று 2018-ல் வெளியிட்டார்கள். அடுத்து, மறதி தொடங்கியவர்களை அசைந்துகொண்டே எழுத்துக்கூட்டிச் சொல்ல வைத்தார்கள். யோசிக்கும் திறன் கூடியது என்று 2023-ல் தெரிந்தது.

மாத்திரை அப்படி இல்லை. சீனத்து ஜின்கோ மர இலை மாத்திரையை 3,000-க்கும் மேற்பட்ட முதியவர்களிடம் சோதித்தும் மறதி நோயைத் தடுக்கவில்லை (2008). ‘ஞாபக மாத்திரை’ என்று யாராவது விற்க வந்தால் ஏமாறாதீங்க.

வீட்டுப் பெரியவங்களை முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். அவர் சரி என்றால், கனமான நாற்காலியைப் பிடித்தபடி பாரம் மாற்றிப் பழகட்டும். பக்கத்தில் ஒருவர் நிற்கணும். திடீர்க் குழப்பம் வந்தால் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.