அனுபவம் பேசலாம், தீர்ப்பு வழங்கலாமா?



எங்கோ ஒரு கொலை நிகழ்கிறது. அன்று மாலையே ஓய்வு பெற்ற காவல்துறை அதிகாரி ஒருவர் தொலைக்காட்சியில் தோன்றி, "இன்னார்தான் செய்திருக்க வேண்டும்" என்கிறார். இரவு உணவின்போது அதே பேச்சு நம் இல்லங்களிலும் தொடர்கிறது. முப்பதாண்டு அனுபவசாலி சொன்ன பிறகு ஐயம் எதற்கு என்று எண்ணுகிறோம். சற்றே நிதானிப்போம்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் போல்டர் என்பது ஒரு நகரம். 1996 டிசம்பர் 26 அன்று, ஜோன்பெனே ராம்சே என்னும் 6 வயதுச் சிறுமி அங்கே தன் வீட்டு நிலவறையில் பிணமாகக் கிடந்தாள். ஐயம் பெற்றோர் மீதே விழுந்தது. விசாரணை முடியும் முன்னரே தொலைக்காட்சிகள் அவர்களைக் குற்றவாளிகள் ஆக்கிவிட்டன.

1997 இல் அரசு வழக்கறிஞர், ஓய்வு பெற்றிருந்த லூ ஸ்மிட் என்னும் துப்பறிவாளரை உதவிக்கு அழைத்தார். 1991 இல் கொல்லப்பட்ட வேறொரு சிறுமியின் வழக்கைக் கைரேகை ஒன்றைக் கொண்டு 1995 இல் துலக்கியவர் அவர். கோப்புகளை ஆராய்ந்த ஸ்மிட், "கொன்றவன் வெளியிலிருந்து வந்தவன்" என்றார். அதனைப் பலர் ஏற்கவில்லை. 1998 இல் அவர் விலகினார். ஆயினும் 2010 இல் இறக்கும் வரை அவ்வழக்கை அவர் கைவிடவில்லை.

2006 இல் சிறுமியின் தாய் புற்றுநோயால் மறைந்தார். 2008 இல் அப்போதைய அரசு வழக்கறிஞர், மரபணுச் சோதனையின் அடிப்படையில் அக்குடும்பத்தாரை ஐயத்திலிருந்து விடுவித்து மன்னிப்புக் கடிதம் எழுதினார். அதைப் படிக்கத்தான் அத்தாய் இல்லை!

அதன் பின்னரும் பேச்சு ஓயவில்லை. 2016 இல் முன்னாள் புலனாய்வாளர்கள் பங்கேற்ற ஒரு தொலைக்காட்சித் தொடர், கொலை நடந்தபோது 9 வயதே ஆன சகோதரனைச் சுட்டியது. அவர் வழக்குத் தொடுத்தார். 2019 இல் அது சமரசத்தில் முடிந்தது.

அப்படியானால் ஸ்மிட் சொன்னதே இறுதி உண்மையா? அவ்வாறும் கொள்வதற்கில்லை. கொலையாளி புகுந்த வழியென்று அவர் காட்டிய உடைந்த சன்னலை, முன்னொரு சமயம் தாமே உடைத்ததாகச் சிறுமியின் தந்தை கூறியிருந்தார். ஸ்மிட் அக்குடும்பத்தாருடன் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டார் என்ற குறையும் கூறப்பட்டது. கொலையாளி இன்றளவும் அகப்படவில்லை.

ஆகவே, வல்லுநர் பேசும்போது மூன்று கேள்விகளை மனத்தில் இருத்துங்கள். இவர் சான்றுகளை நேரில் ஆராய்ந்தவரா, செய்தித்தாளைப் படித்தவரா? தம் கருத்துக்கு மாறானவற்றையும் சொல்கிறாரா? அறிந்ததையும் ஊகத்தையும் பிரித்துக் காட்டுகிறாரா?

விடை கிடைக்காவிடில், அந்தப் பெயரை நம் நாவில் ஏற்றாதிருப்போம். உணவு விரிப்பைச் சுற்றி அமர்ந்திருக்கும் நம் பிள்ளைகள் செவிமடுத்துக் கொண்டிருக்கிறார்கள். இன்று யாரோ ஒருவரைப் பற்றிப் பேசும் ஊர், நாளை நம் வாசலை நோக்கியும் திரும்பலாம் அல்லவா?