காயாத குழாய்

வயிற்றுக்குள்ளும் பெருங்குடலுக்குள்ளும் போய்ப் பார்த்து வரும் எண்டோஸ்கோப், வெளியே பார்த்தால் விரல் தடிமன் உள்ள ஒரு கறுப்புக் குழாய். அதற்குள் இன்னும் சில குழாய்கள் ஓடுகின்றன: காற்று ஊத ஒன்று, லென்ஸைக் கழுவும் நீருக்கு ஒன்று, உறிஞ்சவும் சதைத்துணுக்கு எடுக்கும் இடுக்கியை நுழைக்கவும் ஒன்று. காற்றும் நீரும் போகும் வழியின் விட்டம் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். நீளமோ ஒரு மீட்டருக்கு மேல். அறுவைக் கத்தரியைப் போல இதை ஆட்டோகிளேவில் வைத்து நீராவியில் வேகவைக்க முடியாது. ரப்பர் உறையும் பசையும் கேமராச் சில்லும் அந்தச் சூட்டைத் தாங்கா. அதனால் முதலில் பிரஷ்ஷை நுழைத்துத் தேய்த்து, பிறகு குளூட்டரால்டிஹைடு, பெர்அசிட்டிக் அமிலம் போன்ற திரவங்களில் ஊறவைத்து, நீரில் அலசி எடுக்கிறார்கள். ஒருவரின் குடலுக்குள் போய்வந்த கருவியில் கோடிக்கணக்கில் ஒட்டியிருந்த கிருமிகளை இந்த வேலை ஏறக்குறைய முழுவதும் அகற்றிவிடும். ஏறக்குறைய என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டுக் கழுவிய கருவியை அடுத்த நோயாளி வரும்வரை எங்கே, எப்படி வைப்பது? இதைப் பலரும் இடவசதிப் பிரச்சினையாகவே பார்க்கிறார்கள்: தூசி படாத கண்ணாடி அலமாரி, நல்ல பூட்டு, கை படாத உயரம். ஆனால் அலமாரிக்குள் கருவியைக் கெடுப்பது பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் தூசி அல்ல, கருவிக்குள்ளேயே தங்கிவிட்ட ஈரம். ஊறுகாய் போடும் வீடுகளில் இது தெரிந்த சங்கதி. ஜாடியை எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் வெயிலில் காயவைக்காமல் மாங்காயைப் போடமாட்டார்கள். எண்டோஸ்கோப் விஷயத்திலும் காயவைப்பது கழுவும் வேலையின் கடைசிப் பாதி. அதை விட்டுவிட்டால் முதல் பாதியும் வீணாகலாம்.

ஈரத்தை விரும்பும் கிருமிகளில் சூடோமோனாஸ் முக்கியமானது. குழாய் நீரிலும் தொட்டியிலும் வாழும்; மிகக் கொஞ்ச உணவே போதும். சூழல் ஒத்துவந்தால் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். அந்த வேகத்தில் ஒரே ஒரு கிருமி பத்து மணி நேரத்தில் பத்து லட்சத்தைத் தாண்டும். அறை வெப்பத்திலும் வெறும் அலசு நீரிலும் வேகம் குறையும் என்பது உண்மை; ஆனால் வெள்ளி மாலை தொங்கவிட்ட கருவியைத் திங்கள் காலை எடுக்கும்போது அந்தக் குறைவு பெரிய ஆறுதல் தராது. 1991-இல் வெளியான ஒரு கனடிய ஆய்வு, சிறுகுடலின் தொடக்கப் பகுதிவரை போகும் எண்டோஸ்கோப்பான டியோடினோஸ்கோப்புகளில் இதைச் சோதித்தது. குழாய்களுக்குள் பத்து நிமிடம் காற்றைச் செலுத்திக் காயவைத்த கருவிகளில் இரண்டு நாள் கழித்தும் கிருமிகள் பெருகவில்லை. 2021-இல் அமெரிக்காவில் வந்த தரநெறியும் குறைந்தது பத்து நிமிடம் என்றே சொல்கிறது. நடைமுறை வேறு கதை. 2018-இல் வெளியான ஆய்வு ஒன்றில் மூன்று அமெரிக்க மருத்துவமனைகளில், கழுவிக் கிருமி நீக்கிப் பயன்பாட்டுக்குத் தயாராக வைத்திருந்த 45 கருவிகளுக்குள் நுண்கேமராவை விட்டுப் பார்த்தார்கள். 22 கருவிகளில் ஈரம் இருந்தது.

நேராகத் தொங்கவிட்டால் தண்ணீர் தானாக வடிந்துவிடாதா என்று கேட்கலாம். பெரிய குழாய் என்றால் வடியும். ஆனால் இளநீர் குடித்த ஸ்ட்ராவை நிமிர்த்திப் பிடித்தாலும் அடியில் ஒரு துளி தங்கும். ஒரு மில்லிமீட்டர் குழாயில் பரப்பு இழுவிசை மட்டுமே ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் உயர நீரைப் பிடித்து நிறுத்திவிடும். தொங்கவிடுவது நல்லதுதான், வால்வுகளைக் கழற்றிவிட்டுத் தொங்கவிடுவது இன்னும் நல்லது. ஆனால் அது காயவைப்பதாகாது. கருவி வாங்கும்போது வந்த நுரைமெத்தைப் பெட்டியில் சுருட்டி வைப்பதோ நிச்சயம் தவறு: நுரை ஈரத்தைக் குடிக்கும், அதைக் கிருமி நீக்கவும் முடியாது. எழுபது சத ஆல்கஹாலை உள்ளே ஓட்டினால் சீக்கிரம் காயும் என்பதும் சரி. ஆனால் ஆல்கஹால் எஞ்சிய புரதத்தைச் சுவரோடு இறுக்கிவிடும் என்ற கவலையால் எல்லா நாடுகளும் அதை ஏற்கவில்லை. எப்படியானாலும் அதற்குப் பின்னும் காற்று தேவை. வடிகட்டிய காற்றை ஒவ்வொரு குழாய்க்குள்ளும் தனித்தனியாகச் செலுத்தும் அலமாரிகள் இதற்கென்றே வந்துள்ளன. அவற்றுக்கான ஐரோப்பியத் தரநெறியின் எண் 16442.

காலையில் முதல் நோயாளிக்கு முன் மறுபடி கிருமி நீக்கினால் போதாதா? இதுதான் வலுவான மறுப்பு. பல இடங்களில் அப்படிச் செய்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், ஈரத்தில் பெருகிய கிருமிகள் தனித்தனியாக மிதந்துகொண்டிருப்பதில்லை. சுவரில் ஒட்டி, தாங்களே சுரந்த பிசினுக்குள் படலமாகிவிடுகின்றன. வாழைத்தண்டு நறுக்கிய கத்தியில் பிசின் காய்ந்ததுபோல, அதை வெறும் ஊறவைத்தல் அசைக்காது; குளூட்டரால்டிஹைடு அதை இன்னும் இறுக்கவும் செய்யும். எல்லாத் தொற்றுக்கும் ஈரமே காரணம் என்று நான் சொல்லவில்லை. 2014-15-இல் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள ஒரு பல்கலைக்கழக மருத்துவமனையில் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி டியோடினோஸ்கோப் வழியாகப் பரவி, ஏழு பேரைத் தொற்றி, இருவர் இறப்பில் பங்கு வகித்தபோது, சந்தேகம் விழுந்தது கருவி நுனியிலுள்ள நெம்புகோலின் இடுக்குகள் மேல். ஆனால் பிரஷ் எட்டாத இடுக்கில் எஞ்சியதைப் பெருகவிடாமல் தடுக்க நம்மிடம் இருக்கும் மலிவான வழி உலர்த்துவதே.

எத்தனை நாள் வைக்கலாம் என்ற விவாதமும் இங்கேயே வந்து நிற்கிறது. ஏழு நாள் என்பார் உண்டு; 21 நாள் வைத்த கருவிகளிலும் பொருட்படுத்தத்தக்க கிருமி இல்லை என்று காட்டிய ஆய்வும் 2015-இல் வந்தது. இந்த எண்கள் எல்லாம் ஒழுங்காகக் கழுவி, உள்ளும் காய்ந்த கருவிக்கே பொருந்தும். நனைந்ததற்கு ஒரு இரவே நீளம். நோயாளிகள் வரிசையில் காத்திருக்க, இரண்டே ஸ்கோப் வைத்திருக்கும் மருத்துவமனையில் பத்து நிமிடம் பெரிதுதான். அப்படியானால் மூன்றாவது ஸ்கோப்புக்குக் கணக்குப் போடுமுன் ஒரு காற்றழுத்தக் கருவிக்கும் வடிகட்டிக்கும் கணக்குப் போடுங்கள். அலமாரியில் தொங்கும் அட்டையில் கழுவிய தேதியோடு, எத்தனை நிமிடம் காற்று செலுத்தப்பட்டது என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.